கால் காட்டிய இடம்

மழை விட்டபாடில்லை, வட்டாரம் காய்ந்தபாடில்லை.

மலையும் ஆறும் சதுப்பும் கடற்கரையுமாக மொத்த வட்டாரமும் டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளைவுட் பலகையின் மேல் கிடந்தது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டு அதற்கு இடம் பண்ணியிருந்தார்கள். காகிதக் கூழில் செய்த மாதிரி. பிள்ளைகள் புத்தகத்தில் தட்டையாகப் பார்ப்பதை இதில் மேடும் பள்ளமுமாகத் தொட்டுப் பார்க்கலாம் என்பது தலைமை ஆசிரியரின் யோசனை. பள்ளியில் அவரைப் பெரிய சார் என்பார்கள். யோசனை அவருடையது, கூழ் டீச்சருடையது.

“பழைய பாடப்புத்தகம் கட்டுக்கட்டாக் கிடக்கு டீச்சர். எலிதான் படிக்குது. எடுத்துட்டுப் போய்க் கூழாக்கிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

டீச்சரும் அவள் வீட்டுக்காரரும் மாறி மாறிக் கிழித்தார்கள். கிழித்ததைத் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப்போட்டார்கள். ஊறியதும் நண்டு உள்ளே இறங்கி மிதித்தாள். நண்டு என்பது டீச்சரின் அண்ணன் மகள். பள்ளிப் பதிவில் வேறு பெயர் இருந்தது. ஆனால் யார் வந்தாலும் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து அடுக்களைக்குள் போய்விடுகிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? போன மழையில் அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. அப்பா கட்டட வேலைக்குத் தூரதேசம் போய்விட்டார். அத்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நண்டு சிரித்தது இந்தத் தொட்டிக்குள்தான். கூழ் விரல் இடுக்கில் பிதுங்கி மேலே வரும்போதெல்லாம் கிளுக்கென்று சிரித்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் மாமா.

“எங்க ஊரு மாதிரி இருக்கு மாமா.”

டீச்சர் அந்தப் பேச்சைக் கேட்காததுபோலப் பசையைக் கிண்டினாள்.

மைதா மாவில் காய்ச்சிய பசை. அதில் கொஞ்சம் மயில்துத்தம் பொடித்துப் போட வேண்டும். நீலக் கற்கண்டு போல இருக்கும் அந்த விஷத்துக்குத்தான் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. வாங்கி வைத்த பொட்டலம் அலமாரியின் மேல் பிரிக்காமல் இருந்தது.

“துத்தம் போட்டியா?” என்றார் வீட்டுக்காரர். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஒட்டுவது சம்பந்தமான எல்லாவற்றிலும் தனக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைப்பவர்.

“அவ கால் பூரா வெடிப்பு. விஷத்துல இறங்கி மிதிடீன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“அப்போ நல்ல வெயில் வேணும்.”

“உங்க கடையில விக்குதா?”

“டியூப் சொல்யூஷன்தான் விக்கிறேன். வேணும்னா உங்க மலைக்கு ரெண்டு பேட்ச் ஒட்டித் தரேன்.”

வெயில் வரவில்லை. மின்விசிறியைப் பலகைக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். மேல்தோல் மட்டும் வெளுத்தது. விரலால் அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று அமுங்கியது. பிறகு வாடை கிளம்பியது. முதலில் ஈரத்துணி வாடை, அப்புறம் புளித்த மாவு வாடை, அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒன்று. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு மூவரும் வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

“டீச்சரம்மா, உங்க மலையில ஏதோ செத்துக் கிடக்கு போல.”

“மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடுங்க.”

“மூக்கைப் பொத்தினா ருசி தெரியாதே.”

“அதுவும் நல்லதுதான். குழம்புக்கு உப்புப் போட மறந்துட்டேன்.”

பெரிய சார் குடையோடு வந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார், காகிதம் புரட்டுகிறவர் போல. அந்த ஈர விரலால் மலையை அழுத்தினார், ஆற்றை அழுத்தினார், கடைசியில் ஜன்னல் திரையில் துடைத்துக்கொண்டார். டீச்சருக்கு அந்தத் திரையைக் கழற்றி எரிக்க வேண்டும்போல இருந்தது.

“பெயின்ட் அடிச்சுடுங்க டீச்சர். பெயின்ட் மூடிடும்.”

“உள்ள ஈரமா இருக்கு சார். மூடினா அழுகிடும்.”

“பாடம் பார்க்க வர்ற அதிகாரி அம்மா உள்ள நோண்டியா பார்க்கப் போறாங்க? மேலதானே பார்ப்பாங்க. உங்க மாதிரிப் பாடம் நல்லா அமைஞ்சா ஆர்டர் உங்க கையில. அப்புறம் உங்க இஷ்டம்.”

ஆர்டர் என்றால் நிரந்தர வேலைக்கான உத்தரவு. டீச்சர் தற்காலிகம். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் அவள் வேலை போய்விடும். பள்ளி திறக்கும்போது பெரிய சாரின் அறை வாசலில் மறுபடி நின்று, மறுபடி கெஞ்சி, மறுபடி டீச்சராக வேண்டும். அப்படி நின்று நின்று அந்த அறைக்கதவில் எந்த இடத்தில் வார்னிஷ் உரிந்திருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

அன்று மாலையே பெயின்ட் அடித்தாள். மலைக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம், சதுப்புக்கு நீலத்தில் கொஞ்சம் கறுப்பு. வட்டாரம் பளபளவென்று ஆகிவிட்டது. வாடையும் உள்ளே போய்விட்டது.

பாடத்தின் தலைப்பு ‘நம் வட்டாரம்’. மண், மழை, பயிர் என்று போய்க் கடைசிப் பத்தியில் முடியும். ‘இங்கு முதலில் வாழ்ந்தவர்கள் சதுப்பு மக்கள். அவர்கள் மீனும் நண்டும் பிடித்து வாழ்ந்தனர். காலப்போக்கில் அவர்கள் மறைந்துவிட்டனர்.’ வருஷா வருஷம் டீச்சர் இந்த வரிகளைக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மறைந்துவிட்டனர் என்பதைச் சத்தமாகச் சொல்ல அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நண்டு வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது நடுவில் நிறுத்தினாள்.

“அத்தை, நாம எப்போ மறைஞ்சோம்?”

“மெதுவாப் படி.”

“இல்ல, எப்போன்னு கேட்டேன்.”

“வாயை மூடிக்கிட்டுப் படிடீ. மனசுக்குள்ள படி.”

சதுப்பில் மண் கொட்டி மேடாக்கி, அதன் மேல் தெருக்களும் பள்ளிக்கூடமும் வந்தபோது அந்த மக்களை லாரியில் ஏற்றிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். ஊரார் அவர்களைச் சேத்துக்கால் என்பார்கள். டீச்சர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே விடுதியில் சேர்ந்து படித்துவிட்டாள். கல்யாணம் வெளியில். அவள் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை. பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. நண்டுவைச் சேர்க்கும்போதுகூட ‘கால்வாய்ப் பக்கம் தெரிஞ்சவங்க பொண்ணு, பாவம்’ என்றுதான் சொல்லியிருந்தாள். பள்ளியில் அத்தை என்று கூப்பிடக் கூடாது என்பது முதல் நாளே போட்ட உத்தரவு.

ஆனால் ஒன்றை மட்டும் உத்தரவு போட்டு மாற்ற முடியவில்லை.

பெயின்ட் அடித்து முடித்து, “நம்ம தெரு இதுல எங்க வரும், காட்டு” என்று மாமா விளையாட்டாகக் கேட்டார். நண்டு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை நீட்டினாள். பெருவிரல் பெயின்ட்டில் படுவதற்குள் டீச்சர் அந்தக் காலில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“கையால காட்டுடீ! எத்தனை தடவை சொல்றது?”

நண்டு அழவில்லை. காலை இழுத்து மடக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“கையால காட்டினா அந்த இடம் போயிடும்னு அம்மா சொல்லும்.”

“அதெல்லாம் அங்க. இங்க எல்லாரும் கையாலதான் காட்டுவாங்க.”

“அவங்களுக்குப் போவாதா?”

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். டீச்சர் பிரஷ்ஷைக் கழுவப் போனாள். கழுவும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. சதுப்பு மக்கள் பொருளைக் கையால் காட்டுவார்கள், ஆளைக் கையால் காட்டுவார்கள். மண்ணை மட்டும் காட்டமாட்டார்கள். மண்ணை அறிந்தது கால். எங்கே இறுகும், எங்கே இழுக்கும் என்று அதற்குத்தான் தெரியும். அதனால் இடம் காட்டுவதும் கால்தான். சதுப்பை அளவு எடுக்கிறவர்கள் வந்து நின்று கையை நீட்டி நீட்டிப் பேசியபோது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுவருஷம் மண் லாரி வந்தது. தெரியாமல் யாராவது பிள்ளை கையால் காட்டிவிட்டால், பொழுது சாய்வதற்குள் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் ஒருவர் போய் அங்கே வெறுங்காலை ஊன்ற வேண்டும். ஊன்றிவிட்டால் போகாது. டீச்சர் அந்தப் பழக்கத்தைத் தன் உடம்பிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழற்றியவள். விடுதியில் ஒரு வருஷம் முழுக்கக் காலுறையோடு தூங்கினாள். இப்போது அவள் கையில் சுட்டுக்கோல் கொடுத்தால் மலையையும் கடலையும் சுளீர் சுளீர் என்று காட்டுவாள்.

அதிகாரி அம்மா வந்த அன்றும் மழைதான். நாலு பேர் தூக்கி வந்து பள்ளியின் பெரிய கூடத்து நடுவில், தரையில், மாதிரியை வைத்தார்கள். தூக்கியவர்களில் ஒருவர், “என்ன டீச்சர், கருவாடு மடிச்ச பேப்பரா இது?” என்று கேட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தார். பெரிய சார் எங்கிருந்தோ ஒரு வாசனைத் தெளிப்பானைக் கொண்டுவந்து வட்டாரம் முழுக்க அடித்தார். ரோஜா வாடையும் அழுகல் வாடையும் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு டீச்சரின் தொண்டைக்குள் இறங்கின. காலையில் குடித்த காப்பி திரும்பி வரப் பார்த்தது. விழுங்கிக்கொண்டாள்.

அதிகாரி அம்மா நல்ல மாதிரி. கைக்குட்டையில் அத்தர், முகத்தில் சிரிப்பு. கூடவே ஒரு போட்டோக்காரர். பையைத் தூக்க ஒரு குமாஸ்தா.

“அடடா, நீங்களே செஞ்சதா டீச்சர்? எவ்வளவு உயிரோட்டமா இருக்கு!”

பாடம் நன்றாகத்தான் போனது. சொல்லிவைத்த பிள்ளைகள் சொல்லிவைத்தபடி எழுந்தார்கள். ஒருவன் மலையைக் காட்டினான். ஒருத்தி ஆறு எங்கே பிறக்கிறது என்று காட்டினாள். கடைசிப் பத்தி வந்தது. மறைந்துவிட்டனர் என்று வகுப்பே கத்தியது. அதிகாரி அம்மா தலையை ஆட்டி ரசித்தார். பெரிய சார் டீச்சரைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

“அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒரு குட்டிப் பொண்ணு வாயே திறக்கலையே. நீ வா கண்ணு” என்றார் அதிகாரி அம்மா.

நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தாள்.

“இங்க முதல்ல யாரு இருந்தாங்க?”

“சதுப்பு மக்கள்.”

“வெரி குட். எங்க இருந்தாங்க? காட்டு பார்ப்போம்.”

சுட்டுக்கோலை யாரோ அவள் கையில் திணித்தார்கள். நண்டு கோலைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். கோலால் காட்டு, கோலால் காட்டு என்று டீச்சரின் கண்கள் கெஞ்சின. நண்டு கோலைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். குனிந்து, மாமா வாங்கிக்கொடுத்த புது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தாள். காட்டச் சொன்னது அம்மா பிறந்த இடத்தை. அதை எப்படிக் காட்ட வேண்டுமோ அப்படிக் காட்டினாள். வலது காலை நீட்டி, கறுப்பும் நீலமுமாகப் பளபளத்த சதுப்பின் மேல் மெல்ல ஊன்றினாள்.

பெயின்ட் பொருக்கு உடைந்தது. கால் கணுக்கால் வரை உள்ளே போனது.

அடைந்து கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் “ச்சீ” என்று பின்னால் சாய்ந்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கூழ் நுரைத்து நின்றது. அதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் பழைய பாடத்தின் எழுத்துகள் இன்னும் கரையாமல் இருந்தன.

பெரிய சார் பாய்ந்து வந்து நண்டுவின் காதைப் பிடித்துத் தூக்கினார்.

“மேப்புல காலை வைக்கிறியா, கழுதை! மேடம், மன்னிச்சுக்குங்க. புது அட்மிஷன். கால்வாய்ப் பக்கத்துச் சேத்துக்கால் கூட்டம். எவ்வளவு கழுவி உட்கார வச்சாலும் அதுங்க காலு சேத்துக்குத்தான் போகும். டீச்சர், யாரு வீட்டுச் சனியன் இது? நீங்கதானே சேர்த்துவிட்டீங்க?”

டீச்சருக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று மேலே வந்தது. வாந்தி என்றுதான் நினைத்தாள். வாயைத் திறந்தபோது பேச்சாக வந்தது.

“காதை விடுங்க சார். என் அண்ணன் பொண்ணு அவ.”

பெரிய சார் காதை விடவில்லை.

“நானும் அந்தக் கூட்டம்தான். நாங்க மண்ணைக் கையால காட்டமாட்டோம். காலாலதான் காட்டுவோம். அவ சரியாத்தான் காட்டியிருக்கா. இந்தப் பள்ளிக்கூடம் நிக்கிற இடம்தான் அது.”

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே போ என்பார்கள். போய்விடலாம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஷூவை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கி நடந்துவிடலாம். உடம்பு லேசானதுபோல இருந்தது.

அதிகாரி அம்மா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

“ஓ! எவ்வளவு அழகான வழக்கம்! இதை யாருமே எழுதி வைக்கலையே! டீச்சர், நீங்க அவங்கள்ல ஒருத்தரா? நிஜமாவா? பார்த்தா தெரியவே இல்லையே!”

நண்டுவின் காதில் இருந்த பெரிய சாரின் கை அப்படியே நழுவி அவள் தலைக்குப் போனது. தலையைத் தடவிக் கொடுத்தது.

“உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் மேடம், நாங்க முன்னாடியே சொல்லல.”

காதைத் திருகிய அதே விரல்கள். காது இன்னும் சிவப்பாக இருந்தது. டீச்சர் அந்தக் கையையே பார்த்தாள். இதைவிட அவர் அடித்திருக்கலாம் என்று தோன்றியது.

“போட்டோ எடுத்தீங்களா? எடுக்கலையா? கண்ணு, இன்னொரு தடவை அதே மாதிரி வை. இந்தப் பக்கம் திரும்பி. முகம் தெரியணும்.”

நண்டு அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி ஒன்றுதான். வேண்டாம் என்று தலையை அசைத்தால் போதும். ஆர்டர், அறைக்கதவு, உரிந்த வார்னிஷ் எல்லாம் டீச்சரின் கண்முன் வந்தன. தலை மேலும் கீழும் ஆடிவிட்டது.

நண்டு நெளிகிற கூழுக்குள் மறுபடி காலை வைத்தாள். போட்டோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். “இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா. கால் நடுங்குது பாரு.” மறுபடியும். “சிரிக்காதே, சீரியஸா.” நண்டு சிரிக்கவே இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்படித் தெரிந்தது.

“டீச்சர், நீங்களும் பக்கத்துல ஒரு கால் வைங்களேன். ரெண்டு தலைமுறை, பிரமாதமா இருக்கும்.”

“எனக்குக் கால்ல புண்ணு மேடம்” என்றாள் டீச்சர்.

பொய். பிள்ளையின் கால் அந்த நாற்றத்தில் இருக்க, தன் காலைச் செருப்புக்குள் பத்திரப்படுத்திக்கொண்ட பொய். சொன்ன நாக்கை வழித்துப் போட வேண்டும்போல இருந்தது.

“சரி, பரவால்ல. கண்ணு, இப்ப உங்க ஆளுங்கல்லாம் எங்க இருக்காங்க?”

நண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வலது கால் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் நீட்டப் போனாள்.

“காலை ஆட்டாதே, தரையெல்லாம் ஆவுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பெரிய சார்.

கால் இறங்கியது. கை எழுந்தது. ஆள்காட்டி விரலை நேராக நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள்.

“அங்க. எங்கம்மாவையும் அங்கதான் புதைச்சாங்க.”

அதிகாரி அம்மா குமாஸ்தாவிடம் திரும்பினார். “கால்வாய்க்கு அந்தப் பக்கமா? அது பஸ் டிப்போவுக்கு ஒதுக்கின இடம் இல்ல?”

“ஆமா மேடம். காலி இடம்தான்.”

இருவரும் அத்தோடு அதை விட்டுவிட்டு, போட்டோ எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து டீச்சர் நண்டுவின் காலைக் கழுவினாள். சோப்புப் போட்டாள், சீயக்காய் போட்டாள். வீட்டுக்காரர் கடையிலிருந்து கிரீஸ் கழுவும் பொடி கொண்டுவந்து தந்தார். வாடை போவதுபோலப் போய், கால் காய்ந்ததும் திரும்பி வந்தது. டீச்சர் நடந்ததைச் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

“ஏதாவது சொல்லுங்களேன்.”

“என்னத்தச் சொல்ல? ஆர்டர் வந்துரும்ல?”

“வந்துரும்.”

“சந்தோஷமா இருக்கா?”

அவள் மறுபடி சோப்பைத் தேய்த்தாள்.

நண்டு சாப்பிட மறுத்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மாமா பிஸ்கட்டை நீட்டினார். இடது கையை நீட்டினாள்.

“அந்தக் கைக்கு என்னடீ?”

“ஒண்ணுமில்ல.”

“அடிபட்டுச்சா? காட்டு.”

“காட்டிட்டேன் அத்தை” என்றாள் நண்டு. உதடு கோணிக்கொண்டது. “அம்மாவைக் கையால காட்டிட்டேன். போயிடுமா?”

“அதெல்லாம் ஒண்ணும் போகாது. சும்மா சொல்றது.”

“அந்தம்மா டிப்போன்னு சொன்னாங்களே.”

டீச்சரிடம் புத்தகத்தில் இருக்கிற பதில்தான் இருந்தது. வெளியே மழை சன்னமாகி மேகத்துக்குப் பின்னால் பொழுது கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. இன்னும் சாயவில்லை.

“செருப்பைப் போடு” என்றாள்.

“சைக்கிள்ல கொண்டு விடட்டுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாம். நடந்துதான் போகணும்.”

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் டீச்சர் முந்தானையால் மூக்கை மூடினாள். இறைச்சிக் கூடத்துக் கழிவு இங்கேதான் வந்து கலக்கிறது. தண்ணீர் கறுப்பாக, மேலே கொழுப்புப் படலத்தோடு, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. ஒரு பன்றி எதையோ இழுத்துக்கொண்டு போனது. கரையோரம் தகர வீடுகள். அண்ணியைப் புதைத்த அன்று வந்தது. அன்றும் சேறு படாமல் தள்ளி நின்றுவிட்டு, முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள்.

குடத்தோடு நின்ற ஒருத்தி நண்டுவைக் கண்டு கூவினாள்.

“அடியே நண்டு! செருப்புப் போட்ட மவராசி! கூட யாரு, உங்க டீச்சரா?”

“எங்க அத்தை” என்றாள் நண்டு.

“அத்தையா?” அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அட, நம்ம பொண்ணு! எங்க வீட்டுச் சின்னது உன் வகுப்புலதான் படிக்குது. நீ அவங்களுக்கு நம்மளப் பத்தி என்ன சொல்லிக்கொடுத்தேன்னு தெரியுமா? செத்துட்டோம்னு வந்து சொல்லுச்சு. நான் கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கேன், அது எதிர்ல உட்கார்ந்து நாம செத்துட்டோமாம்மான்னு கேக்குது!”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் டீச்சரின் முகத்தில் அறைந்தது.

அண்ணி கிடந்த இடம் கரையின் கடைசியில், தண்ணீரை ஒட்டி. மழையில் மேடு கரைந்து சமமாகியிருந்தது. நண்டு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். சேறு அவளைக் கணுக்கால் வரை எடுத்துக்கொண்டது.

“அத்தை, நீயும். பெரியவங்க வச்சாத்தான்.”

டீச்சர் வலது செருப்பைக் கழற்றினாள். சேற்றைப் பார்த்தாள். காலையில் பள்ளியில் வந்த அதே வாடை. கொழுப்பு, அழுகல், ஊறிய காகிதம். கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். சில்லென்று விரல் இடுக்கில் ஏறியது. குனிந்து ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை, எச்சில்தான் வந்தது. ஆனால் அவள் கேட்காமலே கால் ஒரு வேலை செய்தது. பெருவிரல் கீழே தேடிப் போய், இறுகின தரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதில் நின்றுகொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

“டீச்சர், மேடம் ஒரே குஷி!” பெரிய சாரின் குரல் வழிந்தது. “ஆர்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் பெரிய குழுவே வருது. புது மேப்பு போட்டுடுங்க, இந்தத் தடவை துத்தம் போட்டு. சதுப்பு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் மெத்துனு விட்டுடுங்க, கால் அழகாப் பதியணும். பொண்ணுக்கு ஷூ வேணாம். தலையும் வாராதீங்க. பழைய துணி ஏதாவது கிழிசலா இருக்கும்ல, அதைப் போட்டுக் கூட்டிட்டு வாங்க. உங்க கால் புண்ணும் அதுக்குள்ள ஆறிடுமில்ல?”

பேசும்போதே விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டதுபோல இருந்தது.

“டீச்சர்? லைன்ல இருக்கீங்களா? மேடத்துக்குச் சரின்னு சொல்லிடவா?”

“அவ வரமாட்டா சார்.”

“என்னது?”

“வரமாட்டா. நானும் வைக்கமாட்டேன்.”

“டீச்சர், யோசிச்சுப் பேசுங்க. ஆர்டர் இன்னும் கையெழுத்தாகல. நாளைக்கு மறுபடி என் ரூம் வாசல்லதான் வந்து நிக்கணும்…”

நண்டு அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். மேகத்தின் வெளுப்பு தண்ணீர்ப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அத்தை, பேசாதே. இன்னொரு காலு. பொழுது போயிடும்.”

டீச்சர் குனிந்து பார்த்தாள். இடது கால் இன்னும் செருப்போடு, சுத்தமாக, ஒரு கல்லின் மேல் இருந்தது.

“ஃபோனை வைங்க சார்” என்றாள். “எனக்கு இன்னொரு கால் பாக்கி இருக்கு.”